பெண் படித்தால் மட்டும் போதுமா?

இடம்பெயர்ந்த குடும்பங்களில் கஷ்டம் கூடும்போது எழும் கேள்விகளில் ஒன்று, எந்தப் பிள்ளையின் படிப்பை நிற்பாட்டுவது என்பதாகும். தாய் கூலி வேலைக்குப் போனால் சமைக்கவும், தண்ணீர் அள்ளவும், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவும் வீட்டில் ஓர் ஆள் தேவை. அநேகமாக அந்த ஆள் மூத்த மகளே. "எப்படியும் கலியாணம் முடித்துப் போகிறவள்தானே" என்ற பேச்சும் கூடவே வரும். ஆகவே பெண்பிள்ளையின் படிப்பு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

கல்வி தந்தவை

நமது நாட்டில் பெண் கல்வி புதியதன்று. 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தது. 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கியதால், மகனுக்குச் செலவழிப்பதா மகளுக்குச் செலவழிப்பதா என்று பெற்றோர் தெரிவு செய்யவேண்டிய நிலை பெரிதும் குறைந்தது. இன்று பல்கலைக்கழக அனுமதி பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே. தாய் படித்த வீடுகளில் குழந்தை இறப்புக் குறைவு என்பதும் பல நாடுகளில் கண்ட உண்மையாகும்.

கல்வி தராதவை

இவ்வளவு படித்தும் சமத்துவம் வந்துவிட்டதா? இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேரளவில் உள்ளனர். வீட்டில் பெண்கள் செய்யும் சமையலும் பிள்ளை பராமரிப்பும் இக்கணக்கில் சேர்வதில்லை. 2024இல் தெரிவான 225 பேர் கொண்ட பாராளுமன்றத்திலும் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

காணியை எடுத்துக்கொள்வோம். "பெர்மிற் காணி" என்று நாம் சொல்லும் அரச காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவை. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணி எந்த உறவினருக்குச் செல்லும் என்பதற்கு அச்சட்டத்தில் ஒரு வரிசை இருந்தது. அதில் மகனுக்குப் பின்னரே மகள். மகள் ஆசிரியையாக இருந்தாலும் இடம் மாறாது. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே இந்த வேறுபாடு நீங்கியது.

தேசவழமைக்குட்பட்ட பெண்களுக்குச் சீதனக் காணி சொந்தப் பெயரிலேயே உண்டு. ஆனால் 1911ஆம் ஆண்டின் சட்டப்படி, மணமான பெண் அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடுவதற்கு அச்சட்டத்திலேயே வழி வைக்கப்பட்டது. இதை அறியாமல் வருடக்கணக்கில் காத்திருப்போரும் உளர்.

கூலி விடயம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. மலையகத் தோட்டங்களில் பெண்களுக்குக் கல்வி வாய்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது. எனினும் 1984இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பின் அங்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. சங்கமாகச் சேர்ந்து கேட்டதனாலேயே அது கிடைத்தது.

எனவே விளங்குவது யாது? விதைநெல் எவ்வளவு நல்லதாயினும் வாய்க்காலை மறித்துவிட்டால் பயிர் வராது. கல்வி விதைநெல் போன்றது. சட்டமும், வீட்டு வழக்கமும், கூலி முறையும் வாய்க்கால்கள். ஆனால் எந்த இடத்தில் வாய்க்கால் மறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவும், மனு எழுதிக் கேட்கவும் படிப்பே கைகொடுக்கும். அதனால் மகளின் படிப்பை நிற்பாட்டுவது நமக்கே நட்டமாகும்.

நாம் செய்யக்கூடியவை

1. காணிப் பத்திரங்களை வீட்டார் அனைவரும் இருக்கும்போது, மகளைக் கொண்டே வாசிப்பிப்போம். யாருடைய பெயர் உள்ளது, பின்னுரித்தாளர் யார் என்று பார்ப்போம். பத்திரம் தொலைந்திருந்தால் அரச காணிக்குப் பிரதேச செயலகத்திலும், உறுதிக் காணிக்குக் காணிப் பதிவகத்திலும் விசாரிக்கலாம்.

2. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றை ஒரே பையில் பத்திரப்படுத்துவோம். அவை இல்லையென்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திராது, அதிபரையும் கிராம அலுவலரையும் சந்திப்போம்.

3. தண்ணீர் அள்ளுதல், விறகு எடுத்தல் போன்றவற்றை மகனுக்கும் பங்கிடுவோம். மகளுக்குப் படிக்க ஒரு மணித்தியாலமாவது மிஞ்சும்.

4. நாற்று நடவும் களை பிடுங்கவும் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கப்படுமாயின், தனித்தனியே பேசாது மாதர் சங்கமூடாக ஒன்றாகக் கேட்போம்.

கலந்துரையாடுவோம்

அ. நமது முகாமில் அல்லது கிராமத்தில் இவ்வருடம் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? காரணம் என்ன?

ஆ. நமது குடும்பக் காணி யாருடைய பெயரில் உள்ளது? அவருக்குப் பின் அது யாருக்கு?

இ. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் இங்கே என்ன கூலி?