ஜப்பான் சுபாரு திணறுவது ஏன்?

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ வாங்கியிருக்கிறேன். மெதுவாக ஓட்டினால் குறையே இல்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வெட்டி வெட்டி இழுக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். காரணம் தெரியும்வரை முழு வேகமும் வேண்டாம்.

முதல் சந்தேகம் பெட்ரோல் மீதுதான். ஜப்பானில் விற்ற எஸ்டிஐ, அங்கே கிடைக்கும் சுமார் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் செய்யப்பட்டது. உங்கள் ஊர் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது 95. அதை ஊற்றி விரட்டினால், சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் ‘நாக்கிங்’ வரும். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடையக்கூடும். கப்பலிலும் துறைமுகத்திலும் கிடந்த பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, 99 ஊற்றிப் பாருங்கள்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். இது பாக்ஸர் இன்ஜின் என்பதால் பிளக்குகள் இருபுறமும் பாடியை ஒட்டிப் படுத்திருக்கும். கழற்றுவது பெரும்பாடு, அதனாலேயே பலர் மாற்றுவதில்லை. முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால், டர்போ அழுத்தம் ஏறும்போது பொறி விழாது.

முந்தைய உரிமையாளர் பெரிய எக்ஸாஸ்ட் மாட்டியிருக்கிறாரா? அப்படியென்றால் டர்போ அழுத்தம் வரம்பு மீறலாம். இன்ஜினைக் காக்க, அதன் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவே பெட்ரோலை நிறுத்திவிடும். சுவரில் மோதினாற்போல் வண்டி சட்டென்று அடங்கும். ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இவற்றோடு கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் எடுங்கள். நான்கில் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரெஷன் நன்றாகத் தாழ்ந்திருந்தால், அப்போது பிரிப்பதைப் பற்றிப் பேசலாம்.