மோரிஸ் மைனரில் கை வைக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, லோபாக்கில் என் வீட்டுக் கொட்டகைக்கு வந்து, "மாமா, பெட்ரோல் காடியை மின்சாரக் காடியாக்க எவ்வளவு வெள்ளி ஆகும்?" என்று கேட்டாய். அன்று நான் வாய் திறக்கவில்லை. தொகையைச் சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு ஓடுவாய். முதலில் என் மோரிஸ் மைனரை மாற்றும்போது நான் செய்த தப்புகளைக் கேள், பிறகு நீயே கணக்குப் போடு.

1. எவ்வளவு தூரம் ஓட்டுவாய் என்று உனக்கு நீயே பொய் சொல்லாதே. "கோலாலம்பூர் போய்வரும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். போனதெல்லாம் பசாருக்கும் கோயிலுக்கும்தான். 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் செல்கள் 32 வைத்தால் சுமார் 10 யூனிட் மின்சாரம். அதில் 8 யூனிட்டைத்தான் நம்பலாம். இந்தச் சின்னக் காடிக்கு 50, 55 கிலோமீட்டர் ஓட்டம். போர்ட் டிக்சன் போகலாம். ஆனால் சார்ஜ் போடாமல் திரும்பி வர முடியாது.

2. மோட்டார் தேடுமுன் காடிக்கு அடியில் படுத்துப் பார். கால்மிதியைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் தரையைக் குத்து. உள்ளே போனால் துருதான். என் காடி ஒரு தோட்டத்துக் கிராணி வைத்திருந்தது. அவர் தவறாமல் கிரீஸ் அடித்துவந்தார். எனக்கு மோட்டார் ஆசையில் அது மறந்தே போனது. முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் காய்ந்து தேய்ந்து, தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பும்போது கழன்றது. இடது சக்கரம் மடிந்து உள்ளே போய்விட்டது. மெதுவாகப் போனதால் தப்பித்தேன். மோட்டார் மின்சாரத்தில் ஓடினாலும், சக்கரம் நிற்பது கிரீசில்தான்.

3. பழைய இரும்புக் கடையில் ஃபோர்க்லிஃப்ட் மோட்டார் மலிவாகக் கிடைக்கும். வாங்கு, ஆனால் அவசரப்படாதே. நான் ஒன்றைத் தரையில் கிடத்தி, பாரம் எதுவும் மாட்டாமல் 48 வோல்ட் கொடுத்தேன். சீரிஸ் மோட்டாருக்கு இழுக்கச் சுமை இல்லையென்றால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. ஊளையிட்டுக்கொண்டு ஏறியது. நான் வயரைப் பிடுங்குவதற்குள் உள்ளே செம்புத் துண்டுகள் சிதறிவிட்டன. 12 வோல்ட்டில், இறுகக் கட்டிவைத்துச் சோதிக்க வேண்டும் என்று புத்தி வந்தது அதற்குப் பிறகுதான்.

4. செல்களைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்று, ஸ்பேனருக்கு டேப் சுற்று. என் விரலில் இருக்கும் தழும்பை நீ பார்த்திருக்கிறாய்.

5. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. பெயிண்ட் காத்திருக்கட்டும், சீட் துணி கிழிந்தே இருக்கட்டும். கேபிள், ஃபியூஸ், பிரேக் மூன்றிலும் மட்டும் காசை எண்ணாதே. மோரிஸ் மைனருக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெட்ரோல் எஞ்சின் இருந்தவரை இறக்கத்தில் அதுவே காடியைப் பிடித்துக்கொள்ளும். நான் போட்ட மோட்டாருக்கு அந்தப் பிடி கிடையாது. கோலப்பிலாவிலிருந்து பழைய புக்கிட் புத்துஸ் சாலையில் இறங்கினேன். மூன்றாவது வளைவில் பெடல் கீழே போக ஆரம்பித்தது, டிரம் சூடாகி நாற்றம் வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்துப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். அருகில் இருந்த உன் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரைக்கும் பேசவில்லை.

6. சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முதலிலேயே கேள். எஞ்சினை மாற்ற அவர்கள் ஒப்புதல் வேண்டும், புஸ்பாகோம் பரிசோதனையும் உண்டு. நான் எல்லாம் முடித்த பிறகு போய்க் கேட்டேன். காடி ஒரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

7. கழற்றிய எஞ்சினை விற்காதே. எண்ணெய் விட்டு, சாக்கில் சுற்றி வை. நாளைக்கு உனக்கோ, உன்னிடமிருந்து வாங்குபவனுக்கோ மனசு மாறலாம்.

சனிக்கிழமை பசியாறிவிட்டு வா. பழைய சட்டையாகப் போட்டுக்கொள். முதல் நாள் முழுக்க கிரீஸ் வேலைதான்.