துவக்கும் பத்திரமும்

மாத்தளை நீதிமன்றத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக வழக்காடும் சட்டத்தரணி ஒருவருக்கு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் இந்த முறை பாதிக்கு மேல் துவக்கைப் பற்றியவை. மிளகு கொடியில் நிற்கிறது. களவும் கூடியிருக்கிறது, பன்றியும் இறங்குகிறது. சில கடிதங்களுக்கு அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். ஒன்றைப் படித்துவிட்டு மட்டும் நெடுநேரம் பேசினார்.

*கேள்வி: யட்டவத்தையில் இரண்டு ஏக்கர் மிளகும் கராம்பும் வைத்திருக்கிறேன். குரங்கும் பன்றியும் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. துவக்குப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தேன். ‘பயிர்ப் பாதுகாப்புக்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும்’ என்று எழுதியிருந்தேன். ஆறு மாதமாகப் பதில் இல்லை.*

அந்த ஒரு வரிதான் விண்ணப்பத்தைப் படுக்க வைத்திருக்கிறது என்கிறார் சட்டத்தரணி. பயிரைக் காக்கும் ஷொட்கன்னுக்குப் பத்திரம் கொடுப்பவர் மாவட்டச் செயலாளர். ஆளின் உயிரைக் காக்கும் துவக்கைத் தீர்மானிப்பது பாதுகாப்பு அமைச்சு. கதவும் வேறு, கேட்கும் சான்றும் வேறு. முதலாவதற்குக் காணியும் பயிரும் சேதமும் காட்ட வேண்டும். இரண்டாவதற்கு உயிர் ஆபத்தைக் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் கச்சேரி எழுதுவினைஞர் எந்தக் கோவையில் போடுவார்? பயிருக்கென்று மட்டும் புதிதாக எழுதுங்கள். சேதம் நடந்த அன்றே கிராம உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தின்று முடித்து ஒரு மாதம் கழிந்த பிறகு வெறும் கொடியை யாரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் குறை பொய்யல்ல. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி தொடங்கி ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொன்னதே அரசாங்கம் இந்தத் தொல்லையை ஒப்புக்கொண்டதால்தான். ஆனால் பத்திரம் கைக்கு வந்துவிட்டால் தோட்டத்துக்குள் வரும் எதையும் சுடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பன்றி வேறு, யானையும் சிறுத்தையும் வேறு. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானை மீது துவக்கை நீட்டியவரைப் பயிர்க்காரர் என்று பார்ப்பதில்லை.

*கேள்வி: என்னுடைய துவக்கை ஓர் இரவுக்கு மைத்துனருக்குக் கொடுக்கலாமா? அவரும் நல்ல மனிதர்தான்.*

கூடாது. பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர்.

*கேள்வி: நாலந்தைப் பக்கம் எங்கள் வீடு. இரவில் மிளகுக் கள்ளர் வருகிறார்கள். பத்திரமுள்ள துவக்கு இருக்கிறது. வளவுக்குள் கால் வைத்தவனைச் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?*

ஊரில் அப்படிச் சொல்பவர் வழக்குக்கு வரமாட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் சட்டத்தரணி தண்டனைச் சட்டக்கோவையைத் திறந்தார். 1883ஆம் ஆண்டின் அந்தக் கோவையில் 89ஆம் பிரிவு தொடங்கி 99 வரை தற்காப்புரிமையைப் பற்றித்தான் பேசுகிறது. உடைமையைக் காக்க ஓர் உயிரை எடுக்கும் அளவுக்கு எப்போது போகலாம் என்பதை 96ஆம் பிரிவு சொல்கிறது: கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல். மற்றக் களவும் அத்துமீறலும் என்றால் உயிருக்கோ பெருங்காயத்துக்கோ உண்மையான அச்சம் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் மிளகுக் கொடி இல்லை. வளவு வேறு, வீடு வேறு. கொடியில் கை வைத்தவன் கள்ளன்தான். அவனை விரட்டலாம், பிடிக்கலாம், பிடித்துப் பொலிஸில் ஒப்படைக்கலாம். உயிரை எடுக்க முடியாது. கதவை உடைத்துக்கொண்டு இரவில் உள்ளே வந்தவன் விஷயம் அப்படியல்ல. அங்கே சட்டம் வீட்டுக்காரர் பக்கம் நிற்கிறது. ஆனால் அவன் உள்ளே இருக்கும் வரைக்கும்தான் நிற்கிறது. வெளியே பாய்ந்து ஓடத் தொடங்கியதும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. பிரேத பரிசோதனை அறிக்கையில் ரவை முதுகில் பட்டது என்று வந்தால் ‘பயந்து சுட்டேன்’ என்ற வாக்குமூலத்தை எந்த நீதவானும் தலையைத் தூக்காமலே வாசித்து முடிப்பார்.

இன்னொன்றையும் ஊர்ப் பேச்சு மறந்துவிடுகிறது. 92ஆம் பிரிவின்படி, பொலிஸைக் கூப்பிட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. கள்ளர் வருவார்கள் என்று தெரிந்து மூன்று இரவு துவக்கோடு ஒளிந்திருந்தவர் நேரமில்லை என்று எப்படிச் சொல்வார்? மிளகைக் காய்ந்ததும் விற்றுவிடுங்கள், வெளி விளக்குப் போடுங்கள், முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். களவு ஒன்றுக்காக மகன்மார் இருவரும் மேல் நீதிமன்றத்துக்கு அலைந்து, வழக்குச் செலவுக்குக் காணியையே விற்ற குடும்பம் ஒன்றைச் சட்டத்தரணி அறிவார்.

*கேள்வி: தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மொத்த வியாபாரம். இரவில் காசோடு போக்குவரத்து. தற்பாதுகாப்புக்கு எடுத்த பிஸ்டலை 2024இல் கையளித்தேன். திரும்பக் கிடைக்குமா?*

2024 நவம்பர் 7ஆம் திகதிக்கு முன் கையளிக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்து, வெலிசறையில் வாங்கி வைத்தது தனிப்பட்ட பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளைத்தான். ஒவ்வொருவருக்கும் உண்மையில் அது தேவைதானா என்று மறுபடி பார்ப்பது அதன் நோக்கம். ஆகவே முன்பு வைத்திருந்தேன் என்பது காரணமாகாது. யார் மிரட்டினார்கள், எப்போது, எந்தப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு, என்ன இலக்கம் என்று காட்ட வேண்டும். காசோடு போக்குவரத்து என்றால் முதலில் காசைக் குறையுங்கள். வங்கி ஊடாகப் பணம் மாற்ற முடிகிறவருக்குப் பிஸ்டல் ஏன் என்று அதிகாரி கேட்டால் அது நியாயமான கேள்வி.

*கேள்வி: துவக்குக்கு வைத்திருக்கும் பத்திரத்தை எப்போது புதுப்பிக்க வேண்டும்? ஜனவரியில் போகலாமா?*

பத்திரம் டிசம்பர் 31உடன் முடிகிறது. ஒக்டோபரிலேயே போய் நில்லுங்கள்.

*கேள்வி: ஐயா, வில்கமுவைப் பக்கம் எங்கள் சேனை. என் வீட்டுக்காரர் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கிறார். சொன்னால் கேட்கிறார் இல்லை. பிள்ளைகள் அந்த வழியால்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். இது பெரிய குற்றமா?*

இந்தக் கடிதத்துக்குத்தான் சட்டத்தரணி நெடுநேரம் பேசினார்.

பெரிய குற்றம், அம்மா. கட்டுத்துவக்குக்கு இந்த நாட்டில் யாரும் பத்திரம் எடுக்க முடியாது. இரும்புக் குழாய் ஒன்று, அதற்குள் கரிமருந்து, ஈயத்துண்டு, ஆணி. பன்றி போகும் பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி. பன்றியின் நெஞ்சுக்குச் சரியாக இருக்கும் உயரம் பெரியவர்களுக்கு முழங்கால். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வரும் கட்டுத்துவக்குக் காயங்களில் பெரும்பாலும் கால் சிதைந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த உயரம் எங்கே வரும் என்று உங்கள் வீட்டுக்காரர் பிள்ளையைக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்க்கட்டும்.

பயிரைக் காப்பது தன் உரிமை என்று அவர் சொல்வார். தற்காப்பு என்பது பார்க்கிற மனிதனுக்குச் சட்டம் கொடுத்த உரிமை. எதிரே வருவது பன்றியா, கள்ளனா, விறகுக்குப் போகும் கிழவியா என்று பார்த்து, எவ்வளவு தீங்கு தேவை என்று அந்த நொடியில் எடை போடுகிறவருக்கே 92ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கம்பி எதையும் பார்ப்பதில்லை. கட்டியவர் வீட்டில் தூங்குகிறார். அவருக்கு அப்போது எந்த ஆபத்தும் இல்லை. ஓர் ஆள் இறந்தால் கவலையீனத்தால் மரணம் விளைவித்தல் என்ற 298ஆம் பிரிவோடு நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். மனிதர் நடமாடும் பாதை என்று தெரிந்தே கட்டியிருந்தால் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டும் வரலாம்.

இது இங்கே மட்டும் நடக்கும் கொடுமையல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் ஒருவர் மதில் கட்டிய பூந்தோட்டத்தில் டியூலிப் செடி வைத்திருந்தார். பூக்கள் களவு போயின. அறிவித்தல் பலகைகூட வைக்காமல் கம்பி கட்டித் துவக்கு வைத்தார். 1825 மார்ச் மாதம் ஒரு மாலை, பக்கத்து வீட்டு மயில் தோட்டத்துக்குள் பறந்து போக, அதைப் பிடித்துக் கொடுக்க 19 வயது இளைஞன் ஒருவன் மதில் ஏறிக் குதித்தான். முழங்காலுக்கு மேலே வெடி பட்டது. நீதிமன்றம் இளைஞன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள், 1827இல், பாராளுமன்றமே அப்படித் துவக்கு வைப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டுவிட்டது. இருநூறு வருடத்துக்கு முன் ஒரு நாடு முடித்து வைத்த விஷயத்தை நாங்கள் இன்னும் சேனைக்குச் சேனை கட்டிக்கொண்டிருக்கிறோம். மாட்டைத் தேடிப் போனவர், தேன் எடுக்கப் போனவர், தான் கட்டிய இடத்தைத் தானே மறந்தவர் என்று கால் இழந்தவர்கள் எல்லாரும் ஏழைகள். பணக்காரன் எவனும் விடியற்காலை ஐந்து மணிக்குக் காட்டுப் பாதையில் நடப்பதில்லை.

கம்பித் தடமும் இதே வகைதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டம் ஒன்றில் தடத்தில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தது. அதையும் பன்றிக்கென்றுதான் வைத்தார்கள். மின்சாரக் கம்பியிலிருந்து நேரே வயர் இழுத்து வேலி போடுகிறவருக்கும், இரைக்குள் வெடியை ஒளித்து ஹக்கபட்டாஸ் வைக்கிறவருக்கும் சொல்ல வேறு பேச்சு இல்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அவிழ்க்கும் போதுதான் பலருக்கு வெடிக்கிறது. ஆகவே பகலில், பின்பக்கமாக வந்து, கம்பியைத் தொடும் முன் வெடிப்பொறியை அவரே செயலிழக்கச் செய்யட்டும். அவருக்குக் கை நடுங்கினால் தொட வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது 119க்கு அழையுங்கள். காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று நீங்கள் பயப்படுவது கடிதத்தில் தெரிகிறது. பிள்ளையின் காலைக் காப்பது காட்டிக்கொடுப்பதல்ல. பன்றிக்கு என்ன செய்வது என்றால், நாலைந்து சேனைக்காரர் சேர்ந்து முறை வைத்துப் பரணில் காவல் இருப்பது பழைய வழி, களைப்பான வழி. ஆனால் அதில் இருப்பவர் கண் விழித்திருக்கிறார்.

*கேள்வி: எங்கள் பாட்டன் காலத்தில் பத்திரம் கித்திரம் இல்லாமல் எல்லாரும் வைத்திருந்தார்களே?*

இல்லை. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். அந்த வருடம் ஜூலையில் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு அந்த வரிகளும் ஒரு காரணம். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவை ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள். இன்றைய சட்டத்தின் அடிப்படை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1996இல் அதைத் திருத்தித் தண்டனையை இறுக்கினார்கள். தானியங்கித் துவக்கு வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும்.

*கேள்வி: ரத்தொட்டைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 1983 ஜூலையில் லயத்தை விட்டு ஓடி இரண்டு இரவு தேயிலைக்குள் படுத்திருந்தோம். இப்போது சொந்த வீடு இருக்கிறது. இனி ஒருநாள் அப்படி வந்தால் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. தப்பா?*

அப்படி நினைப்பதில் தப்பில்லை, அண்ணன். 1983இல் மாத்தளை பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த இரவுகளைக் கண்டவரிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லச் சட்டத்தரணிக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: நூறு பேர் வாசலில் நிற்கும்போது ஒரு ஷொட்கன் என்ன செய்யும்? முதல் வெடிக்குப் பிறகு வீட்டுக்குள் இருக்கும் பெண் பிள்ளைகளின் கதி என்ன?

அதற்கும் மேலே ஒன்று உண்டு. 1971இலும் 1987 தொடங்கி 1989 வரையும் கிளர்ச்சிக்காரர் கிராமத்துக்குள் இறங்கிய போது முதலில் தட்டிய கதவுகள் பத்திரத் துவக்கு இருந்த வீடுகளின் கதவுகள். எந்த வீட்டில் துவக்கு இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கொடுத்தவரைப் படை விசாரித்தது, கொடுக்காதவரை வந்தவர்கள் விசாரித்தார்கள். இந்த மாவட்டத்தில் அந்த வருடங்களைப் பார்த்த சிங்களக் குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள். அன்று உங்கள் குடும்பத்தைத் தேயிலைக்குள் காத்தது முன்கூட்டியே யாரோ சொன்ன ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும். அந்த ஆளைப் போல நாலு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரே பையில் போட்டு, எட்டும் இடத்தில் வையுங்கள்.

*கேள்வி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய துவக்கு அலுமாரியில் இருக்கிறது. பத்திரம் டிசம்பர் வரை செல்லும்தானே?*

செல்லாது. பத்திரம் அப்பாவோடு முடிந்துவிட்டது, தம்பி. இன்று அலுமாரியில் இருப்பது பத்திரமில்லாத துவக்கு. துக்கத்தில் இருக்கிறீர்கள், அதனால் யாரும் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கப்போவதில்லை. ஆனால் முப்பத்தோராம் நாள் காரியம் வரை காத்திருக்க வேண்டாம். முதலில் பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன பிறகு ரவையைக் கழற்றி, துணியில் சுற்றி, பழைய பத்திரத்தோடும் மரணச் சான்றிதழோடும் கொண்டு போங்கள். கையளித்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள், துவக்கின் இலக்கம் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிறகு தேவையென்றால் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். அலுமாரியின் மேல் தட்டில் சில்லறைத் தோட்டாக்கள் கிடக்கும், அவற்றையும் தேடி எடுத்துப் போங்கள்.