ஏட்டுக் கணக்கும் தொழிற் கணக்கும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, மூத்த அங்கத்தினர் ஒருவர் தம் மகனை அழைத்துவந்து என் முன் நிறுத்தினார். வணிகவியலில் பட்டம் பெற்ற இளைஞர் அவர். “ஐயா, இவன் மூணு வருஷம் வியாபாரம் படிச்சிருக்கான். ஒரு பாவுக்கு என்ன அடக்கம்னு கேட்டா முழிக்கிறான்” என்றார் பெரியவர். இளைஞர் தலை கவிழ்ந்தபடியே, “நான் படிச்சது பரீட்சைக்குங்க ஐயா. நம்ம சங்கத்துப் பேரேட்டை யாரும் எனக்குக் காட்டினதே இல்லை” என்றார்.

அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. பட்டம் பெற்று இப்பணிக்கு வந்த முதலாண்டில் நானும் ஐந்தொகையைப் பிழையின்றி எழுதுவேன். ஆனால் நூல் இருப்பில் குறைவு கண்டவிடத்து, அது களவா, வேலையில் இயல்பாக நேரும் சேதாரமா என்று பிரித்தறிய அறியேன். பாவு ஓட்டும் ஓர் அம்மையார்தாம் கழிவு நூலைக் கையில் எடுத்துக் காட்டி அதைக் கற்பித்தார்.

படித்த பிள்ளைக்குத் தொழில் நடத்தத் தெரியாத இக்குறையை வேறோர் ஊர் எவ்வாறு தீர்க்க முயன்றது என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் பாஸ்க் மக்கள் வாழும் மலைப்பாங்கான நாட்டிலே மொந்திராகோன் என்னும் சிற்றூர் உள்ளது. உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தபின் அவ்வூர் வறுமையில் கிடந்தது. 1941இல் அங்கு வந்த இளம் பாதிரியாராகிய ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா, 1943இல் ஊராரிடம் பொருள் திரட்டி, 20 மாணவர்களுடன் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அவர்களுள் சிலர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படித்து, சரகோசா பல்கலைக்கழகத்தின் தேர்வுகளை எழுதிப் பொறியியல் பட்டமும் பெற்றனர். அவர்களில் ஐவர் வேலையை உதறிவிட்டு, ஊராரிடமே முதல் திரட்டி, 1956இல் ‘உல்கோர்’ என்ற பட்டறையை நிறுவினர். அதன் பெயர் அவ்வைவரின் பெயர் எழுத்துக்களால் ஆனது. முதலில் செய்த பொருள் மண்ணெண்ணெய் அடுப்பு.

இவ்வளவும் பலர் கேட்டறிந்த வரலாறே. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது 1966இல் தோன்றிய ‘அலெகோப்’ என்னும் மாணவர் கூட்டுறவு ஸ்தாபனத்தை. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி வேண்டும், ஆனால் கட்டணம் செலுத்தக் குடும்பத்தால் இயலாது. ஆகவே நாளில் ஒரு பாதி வகுப்பு, மறுபாதி பட்டறை என வகுத்தனர். பிற கூட்டுறவு ஆலைகளுக்கு வேண்டிய பாகங்களையும், பின்னர்த் தொழிற்பள்ளிகளுக்கான பயிற்சிக் கருவிகளையும் மாணவர்கள் செய்தனர். ஈட்டிய ஊதியம் படிப்புச் செலவுக்கு உதவியது.

இம்முறையில் புதுமை ஊதியம் அன்று. படிக்கும்போதே வேலை செய்து பொருளீட்டும் பிள்ளைகள் நம் நாட்டிலும் உண்டு. தறியடியில் அமர்ந்து பாடம் படித்தவர்கள் இதழின் வாசகர்களிலேயே பலர் இருப்பர். அலெகோப்பில் மாணவர் கூலியாள் அல்லர், அங்கத்தினர். மகாசபையில் அவருக்கு இடம் உண்டு. நிரந்தரத் தொழிலாளர், மாணவர், ஆதரவு தரும் ஸ்தாபனங்கள் ஆகிய மூன்று தரப்பினரும் சேர்ந்தே நிர்வாகத்தைத் தீர்மானித்தனர். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை காலையில் கற்ற அடக்கவிலைக் கணக்கை மாலையில் தன் பட்டறையின் வரவு செலவிலேயே காணலாம். ஒரு பாகம் பழுதாகித் திரும்பி வந்தால் நட்டம் யாருக்கு என்பது ஆசிரியர் கேட்கும் கேள்வியாக இராது. அவன் கைப்பொருளைத் தொடும் கேள்வியாக இருக்கும்.

பின்லாந்தில் யுவஸ்குலா நகரில் யோஹான்னஸ் பார்த்தனென் என்ற ஆசிரியர் 1993இல் இதனினும் ஒரு படி மேலே சென்றார். அவருடைய மாணவர்கள் குழுவாகக் கூடி, கூட்டுறவு முறையிலே மெய்யான ஸ்தாபனங்களை நிறுவி, மெய்யான வாடிக்கையாளரைத் தேடி நடத்தினர்; ஆசிரியர் விரிவுரையாளராக இராமல் அருகிருந்து பயிற்றுபவராக நின்றார். மொந்திராகோன் பல்கலைக்கழகம் 2009இல் இம்முறையைத் தழுவி நான்காண்டுப் பட்டப்படிப்பொன்றைத் தொடங்கிற்று.

இதனால் எல்லாம் சித்தித்துவிடும் என்று எண்ணலாகாது. உல்கோரின் வழித்தோன்றலாகிய ஃபாகோர் வீட்டுச் சாதன ஸ்தாபனம் 2013இல் நொடித்துப்போயிற்று. வேலையிழந்தோருள் பலரைப் பிற கூட்டுறவு ஆலைகள் ஏற்றுக்கொண்டன என்பது உண்மை. பலர் இட்ட முதல் போயிற்று என்பதும் உண்மை. தொழில் கற்பிப்போர் வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லிக் கொடுப்பது நேர்மையன்று.

மேற்சொன்ன சங்கத்தில் இச்செய்திகளை நான் எடுத்துரைத்தேன். ஆய்வாளன் யோசனை கூறலாம். தீர்மானம் நிர்வாகக் குழுவினுடையது. “பிள்ளைங்க விளையாட சங்கப் பணமா கிடைச்சுது?” என்று ஒருவர் கேட்டார். முறையான கேள்விதான். முடிவில், கிடங்கில் தேங்கிக் கிடந்த வெட்டுத் துண்டுகளைக் குழு நிர்ணயித்த விலைக்கு ரொக்கமாகவே கொடுப்பது என்றும், பட்டதாரி இளைஞரும் அவர் தோழர் நால்வரும் தத்தம் கைப்பணம் ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கி விற்பது என்றும் ஏற்பாடாயிற்று. நட்டம் அவ்வைந்தாயிரத்துக்கு மேல் போக வழியில்லை. கடன் வாங்கலாகாது என்பதும் நிபந்தனை.

முதல் மாதக் கணக்கை என்னிடம் கொண்டுவந்தனர். 410 ரூபாய் நட்டம். விலை குறிக்கும்போது வண்டிச் சத்தத்தைச் சேர்க்கவில்லை. சாயம் ஒத்துவராத துண்டுகளைத் தள்ளிவிலைக்குக் கொடுக்க நேர்ந்ததையும் எதிர்பார்க்கவில்லை. காரணம் இரண்டையும் கணக்கின் அடியிலேயே அந்த இளைஞர் தம் கைப்பட எழுதியிருந்தார். அவர் தந்தையார் அந்தத் தாளை இருமுறை வாங்கிப் படித்தார். இரண்டாம் மாதக் கணக்கு அடுத்த வாரம் வருகிறது.