விளக்கை எங்கே தொங்கவிடுவது?

தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்துப் பத்தமடையில் பாய் நெய்கிறார்கள். மாலை மங்கியபின் இழை தெளிவாகத் தெரியப் பெரிய பல்பு வேண்டுமா? வேண்டாம், விளக்கைத் தாழ்த்தித் தொங்கவிட்டாலே போதும்.

ஏன் தெரியுமா? தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிகிறது. வெளிச்சம் கால் பங்காகிறது. இதுவே எதிர்விகித இருமடி விதி.

800 லூமன் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு எல்லாத் திசைகளிலும் சமமாக ஒளி வீசுவதாகக் கொள்வோம். நேர் கீழே 2 மீட்டரில் 16 லக்ஸ். 1 மீட்டரில் 64 லக்ஸ். நுண்ணிய வேலைக்கும் படிப்புக்கும் 300 லக்ஸாவது தேவை.

மேலே செல்லும் பாதி ஒளியையும் மூடி ஒன்று கீழே திருப்பினால், 1 மீட்டரில் 127 லக்ஸ், 65 செ.மீ.யில் 300 லக்ஸ். படிப்பு மேசைக்கு இது சரி. ஆனால் தரையில் குனிந்து நெய்பவருக்குத் தலை இடிக்குமே! மூடியைக் கூம்பாகக் குறுக்கி, ஒளியை மேலும் பாதிப் பரப்பில் குவித்தால், 90 செ.மீ.யிலேயே 300 லக்ஸைத் தாண்டும். (மூடி விழுங்கும் ஒளியையும் சுவர் திருப்பும் ஒளியையும் இங்கே சேர்க்கவில்லை.)

இன்னும் இரண்டு கவனிக்க வேண்டும். மூடியின் விளிம்பு பல்பைக் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். இல்லையேல் கண் கூசும். விளக்கு சற்று முன்னே தொங்க வேண்டும். பின்னே தொங்கினால் தலையின் நிழல் வேலைமேல் விழும்.

உங்கள் வீட்டில் பல்புக்கும் புத்தகத்துக்கும் எவ்வளவு தொலைவு? இன்றே அளந்து கணக்கிட்டுப் பாருங்கள்.