கை ஓயலாம், கவனம் ஓயலாகாது: மோட்டார் சைக்கிள் பிடிப்பூட்டு – ஓர் அறிமுகம்

முன்னுரை

பாசிர் கூடாங் என்றதும் நம் நினைவுக்கு வருவன 1977இல் செயல்படத் தொடங்கிய ஜொகூர் துறைமுகமும் அதனைச் சூழ்ந்துள்ள தொழிற்சாலைகளுமே ஆகும். மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1998ஆம் ஆண்டில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று இங்குள்ள ஜொகூர் பந்தயத் தடத்தில்தான் நடைபெற்றது.

பந்தய வீரருக்கு நேர்ப்பாதை என்பது சில நொடிகளில் முடிந்துவிடும். ஷிப்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கும், விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவருக்கும் அப்படியல்ல. பாசிர் கூடாங் வட்டாரத்தைத் தொட்டுச் செல்லும் செனாய் – டெசாரு விரைவுச்சாலை மட்டுமே 77 கிலோமீட்டர் நீளமுடையது. கோலாலம்பூர்ப் பயணமோ 300 கிலோமீட்டரைத் தாண்டும். இத்தகைய பயணங்களில் முதலில் சோர்வது வலக்கை. அக்கைக்கு ஓய்வளிக்க எண்ணிப் பொருத்தப்படும் சிறு கருவியைப் பற்றியதே இக்கட்டுரை.

மலாயில் 'பூலாஸ் மிஞாக்' என்று சொல்லி நாம் முறுக்கும் வலக் கைப்பிடியை இங்கு 'முறுக்குப்பிடி' என்றும், அதனை ஒரே நிலையில் நிறுத்தி வைக்கும் கருவியைப் 'பிடிப்பூட்டு' என்றும் குறிப்பிடுவோம்.

கை ஏன் சோர்கிறது?

முறுக்குப்பிடியை நம் பக்கமாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு, கார்புரேட்டரின் காற்றுவழி திறக்கிறது. அதிக காற்றும் எரிபொருளும் உள்ளே சென்று எஞ்சின் வேகமெடுக்கிறது. கையை விட்டவுடன் உள்ளிருக்கும் சுருள்வில் அவ்வழியை மூடிவிடுகிறது. ஆகவே, வண்டி ஓடும் நேரமெல்லாம் நம் கை அந்தச் சுருள்வில்லோடு போராடிக்கொண்டே இருக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். கேபிளில் உள்ள இழுவிசை 20 நியூட்டன், கேபிள் சுற்றியுள்ள உருளையின் ஆரம் 2 செண்டிமீட்டர் எனக் கொள்வோம். முறுக்குவிசை 0.4 நியூட்டன் மீட்டர் ஆகும். பிடியின் ஆரம் 1.6 செண்டிமீட்டர் என்றால், கை தரவேண்டிய விசை 25 நியூட்டன். அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடைக்கு ஈடானது. ஒரு நிமிடத்திற்கு இது பெரிதன்று. ஒரு மணி நேரத்திற்குப் பெரிது.

இதனோடு அதிர்வும் சேர்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 6000 முறை சுழன்றால், நொடிக்கு 100 முறை அதிர்வு கையை வந்தடைகிறது. மணிக்கட்டை மடக்கி வைத்தபடி நெடுநேரம் இறுகப் பிடிக்கும்போது அதன் வழியே செல்லும் நரம்பு அழுத்தப்பட்டு விரல்கள் மரத்துப் போகின்றன. மரத்துப்போன விரல்களால் முன் பிரேக்கை அளவறிந்து பிடிக்க இயலாது. எனவே, கையின் சுகம் பாதுகாப்போடும் தொடர்புடையதே.

பிடிப்பூட்டு செயல்படும் முறை

பிடிப்பூட்டுகளில் பல வகை உண்டு. பிடியைக் கவ்விக்கொண்டு பக்கத்திலுள்ள சுவிட்சுப் பெட்டியிலோ பிரேக் நெம்பிலோ முட்டி நிற்பது ஒரு வகை. கைப்பிடித் தண்டின் முனையிலுள்ள எடைக்கட்டியைத் திருகிப் பிடியின் ஓரத்தில் அழுத்துவது இன்னொரு வகை. பிடிக்கும் எடைக்கட்டிக்கும் இடையே ரப்பர் வளையத்தைத் தள்ளி வைப்பது மலிவான உத்தி. இவை யாவும் உராய்வினாலேயே செயல்படுகின்றன.

நல்ல பிடிப்பூட்டின் இலக்கணத்தை ஒரே வரியில் கூறலாம்: அது சுருள்வில்லை வெல்ல வேண்டும்; கையிடம் தோற்க வேண்டும். உராய்வு சுருள்வில்லின் விசையைவிடக் குறைந்தால் பூட்டு நழுவும், பயனில்லை. கையின் விசைக்கு நிகராக உயர்ந்தால், ஆபத்து வேளையில் முறுக்குப்பிடியை மூட முடியாது, உயிருக்கே கேடு. கயிற்றாலோ ஒட்டுநாடாவாலோ பிடியைக் கட்டி வைப்பது இதனாலேயே முற்றிலும் தவறாகும்.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் முறுக்குப்பிடி தானாக மூடிக்கொள்வதில்லை; வைத்த இடத்திலேயே நிற்கும். கையை விட்டால் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்பதை 1970களில் அமெரிக்கா பாதுகாப்பு விதியாகவே ஆக்கியது. விழுந்தவரின் வண்டி எஞ்சின் முழக்கத்தோடு ஓடக்கூடாது என்பதே அதன் நோக்கம். பிடிப்பூட்டைப் போடும் நாம், அந்தப் பாதுகாப்பைச் சற்று நேரத்திற்கு நம் கையாலேயே நீக்குகிறோம் என்பதை மறத்தலாகாது.

திறப்பு வேறு, வேகம் வேறு

கார்களில் உள்ள வேகக்கட்டுப்பாட்டுக் கருவியும் பிடிப்பூட்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினுக்குச் சுழல்குண்டுக் கட்டுப்பாட்டியைப் பொருத்தினார். எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் தாழ்ந்து நீராவியைக் கூட்டும். சிறு வயதிலேயே பார்வையிழந்த அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ப் டீட்டர் 1950இல் காருக்கான வேகக்கட்டுப்பாட்டுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1958இல் அது கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. இவையெல்லாம் வேகத்தை அளந்து, அதற்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்பவை. பொறியியலில் இதனைப் பின்னூட்டம் என்பர்.

பிடிப்பூட்டுக்கு இத்தகைய பின்னூட்டம் கிடையாது. அது காற்றுவழியின் திறப்பை மட்டுமே நிறுத்தி வைக்கும். ஓட்டுபவரோடு சேர்த்து 180 கிலோ எடையுள்ள வண்டி 5 விழுக்காட்டுச் சரிவில் ஏறினால், ஏறத்தாழ 88 நியூட்டன் விசை அதனைப் பின்னுக்கு இழுக்கும். இது 9 கிலோ எடைக்கு ஈடு. வேகம் தானாகக் குறையும். அதே சரிவில் இறங்கினால் அவ்விசை வண்டியை முன்னே தள்ளும். வேகம் தானாகக் கூடும். செம்பனைத் தோட்டங்களின் ஊடே ஏறி இறங்கிச் செல்லும் சாலையிலும், சுங்கை ஜொகூர்ப் பாலத்தில் எதிர்க்காற்று வீசும்போதும் இந்த வேறுபாட்டை உணரலாம். ஆகவே, பூட்டு போட்ட பின்னரும் வேகத்தைக் கவனிக்கும் பொறுப்பு ஓட்டுபவருடையதே.

பிரேக் பிடித்தால் காரின் கருவி தானே விலகிக்கொள்ளும். உராய்வினால் இயங்கும் சாதாரணப் பிடிப்பூட்டு விலகாது. வலக்கை பிரேக்கை நாடும்போது எஞ்சின் வண்டியை இன்னும் முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. ஒரு நொடித் தயக்கம், முன்னே நின்றுவிட்ட லோரியை நம்மிடம் 25 மீட்டர் நெருங்கச் செய்துவிடும். கிளட்ச் நெம்பு இல்லாத 'காப்சாய்' வண்டிகளில் கியர் மாற்ற மிதிக்கும் கணத்திலும், பூட்டிய எஞ்சின் சுமையிழந்து திடீரென முழங்கும்.

பயன்படுத்தும் முறை

1. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பூட்டைப் போடுங்கள். இரு விரல்களால் பிடியை மூட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பூட்டு வேண்டாம்.
2. பூட்டை எடுத்தபின் முறுக்குப்பிடி 'டக்' என்று தானே மூடிக்கொள்ள வேண்டும். கைப்பிடித் தண்டை இடமும் வலமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்தும் இதனைச் சோதியுங்கள்.
3. காய்ந்த, நேரான, வாகனம் குறைந்த சாலையில் மட்டும் பயன்படுத்துங்கள். மழையிலும், நகரச் சாலையிலும், லோரிகள் நிறைந்த பாசிர் கூடாங் நெடுஞ்சாலையிலும், மோட்டார் சைக்கிள் தடத்திலும் வேண்டாம்.
4. ஒரு சில நொடிகள் விரல்களை நீட்டி மடக்கவே பூட்டு. வலக்கை பிடியைவிட்டு வெகுதூரம் போகலாகாது.
5. முதலில் பிடியை மூடுதல், பிறகு பிரேக் பிடித்தல் என்ற ஒழுங்கை வெற்றிடத்தில் பலமுறை பழகுங்கள்.

பூட்டு வாங்குமுன் செய்யக்கூடியவையும் உண்டு. கேபிளுக்கு எண்ணெய் இடுதல், பிரேக் நெம்பின் சாய்வை மணிக்கட்டுக்கு ஏற்பச் சரிசெய்தல், சற்றுத் தடித்த பிடியுறை மாட்டுதல், உள்ளங்கை தாங்கி பொருத்துதல் ஆகியன செலவு குறைந்தவை. பலருக்கு இவையே போதுமானவை.

முடிவுரை

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழக்கும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அவர்களுள் நம் இளைஞர்களும் அடங்குவர். பிடிப்பூட்டு விரல்களின் சோர்வைத்தான் நீக்கும். இரவு ஷிப்டு முடிந்து வருபவரின் தூக்கக் கலக்கத்தை நீக்காது. கை வலித்தால் பூட்டு உதவலாம்; கண் சொருகினால் வண்டியை ஓய்விடத்தில் நிறுத்துவதே மருந்து. இந்த வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துவோருக்கே இச்சிறு கருவி நல்ல துணையாக அமையும்.