சொந்தத் தறி, சொந்தப் பாட்டு
(ஸ்கா, ஹெவி மெட்டல் தனிக் குழுக்களின் தொழில் வாழ்க்கை – ஒரு பார்வை)

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



எந்த பாட்ச் எடுத்தாலும் கிடார் வைத்திருப்பவன் ஒருத்தன் இருப்பான், பெஞ்சையே டிரம்ஸாக்கித் தட்டுகிறவன் ஒருத்தன் இருப்பான். கல்லூரி நாள் விழாவில் கைதட்டல் வாங்கிவிட்டால் அடுத்த வாரமே ஒரு கேள்வி கிளம்பும்: "மச்சான், டிப்ளமோ முடிச்சிட்டு இதையே தொழிலா வச்சிக்கிட்டா என்ன?" வீட்டில் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் கிடைக்கும். நண்பர்களிடம் கேட்டால் "சூப்பர்டா" என்பார்கள். இரண்டும் முழு பதில் இல்லை. இந்தத் தொழிலில் இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் பதில் தெரியும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

1. ஸ்கா, மெட்டல் என்றால் என்ன?

ஸ்கா பிறந்தது ஜமைக்காத் தீவில், 1950-களின் கடைசியில். ரெகே இசைக்கு இது அண்ணன். இதன் சூட்சுமம் தாளத்தில் இருக்கிறது. 'தக தக தக தக' என்று சொல்லிக்கொண்டே 'த' வரும்போது காலால் தட்டுங்கள், 'க' வரும்போது கையால் தட்டுங்கள். அந்தக் கைத்தட்டு விழும் இடத்தில்தான் ஸ்கா கிடாரும் பியானோவும் விழும். கூடவே டிரம்பெட், ஸாக்ஸபோன், டிராம்போன். கேட்டால் கால் சும்மா இருக்காது.

ஹெவி மெட்டல் பிறந்தது இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரமான பர்மிங்காமில். 'பிளாக் சபாத்' குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. அதன் கிடாரிஸ்ட் டோனி ஐயோமி கதையை நம்ம ஒர்க்‌ஷாப் சுவரில் எழுதி ஒட்டலாம். 1965-ல், பதினேழு வயதில், ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளன்று, பழக்கமில்லாத பிரஸ் மெஷினில் நிற்க வைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துகிற கை அதுதான். "இனி கிடார் வாசிக்க முடியாது" என்றார்கள். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்குத் தொப்பி செய்தார், அதன்மேல் தோல் ஒட்டினார். கனமான தந்தியை அழுத்தினால் வலித்ததால் மெல்லிய தந்தி போட்டார். பிறகு சுருதியையும் இறக்கினார். அந்த இறங்கிய கனத்த ஓசைதான் மெட்டலின் அடையாளமாகிப் போனது.

எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்ப்ளிஃபையருக்கு அளவுக்கு மீறி சிக்னல் கொடுத்தால் ஸைன் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுவிடும். லேபில் இப்படி வந்தால் மார்க் குறையும். மெட்டல்காரர்கள் வேண்டுமென்றே இதைச் செய்கிறார்கள். வெட்டுப்பட்ட அலையில் ஹார்மானிக்ஸ் அதிகம். அந்த 'கர கர' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

2. கூலித் தறியும் சொந்தத் தறியும்

ஆரணியில் இருக்கும் நமக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் கொடுப்பார். நெசவாளி நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். சேலை கடையில் என்ன விலைக்குப் போனாலும் கூலி கூலிதான். சொந்தத் தறிக்காரர் தானே பட்டு வாங்கி, தானே நெய்து, தானே விற்க வேண்டும். லாபம் வந்தால் அவருக்கு. சேலை தேங்கினால் கடனும் அவருக்குத்தான்.

இசையிலும் இதே இரண்டு வழிதான். சினிமாப் பாட்டைக் கல்யாண மேடையில் வாசிக்கிற மெல்லிசைக் குழுவும், ஸ்டூடியோவுக்குப் போய் வாசித்துவிட்டு அன்றைய காசை வாங்கி வருகிற கலைஞரும் கூலித் தறி. தானே எழுதி, தானே மெட்டமைத்து, தன் செலவில் பதிவு செய்கிற குழு சொந்தத் தறி. இதைத்தான் 'இண்டிபெண்டன்ட்' குழு, தனிக் குழு என்கிறார்கள். இரண்டில் எதுவும் கேவலமில்லை. ஆனால் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்து உட்கார வேண்டும்.

ஜமைக்காவின் 'ஸ்காடலைட்ஸ்' குழு 1964-ல் உருவானது, 1965-லேயே கலைந்தது. மறுபடி கூடியது 1983-ல். ஸ்கா உலகின் பிதாமகர்கள் இவர்கள். அக்காலத்து ஜமைக்கா ஸ்டூடியோக்களில் வாத்தியக்காரர்களுக்கு வாசித்த அன்றைக்கு உண்டான கூலிதான். பாட்டு உலகம் சுற்றினாலும் காசு சுற்றி வராது. இங்கிலாந்தில் 1979-ல் ஜெர்ரி டாமர்ஸ் 'டூ டோன்' என்று சொந்த லேபிள் தொடங்கி, தன் 'ஸ்பெஷல்ஸ்' குழுவோடு மற்றக் குழுக்களின் தட்டுகளையும் வெளியிட்டார். 1981-ல் அவர்கள் பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. அதே வருஷம் குழு உடைந்தது. முதலிடம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

3. நம் நாட்டிலும் நம்மவர்களிடமும்

(அ) பம்பாயின் 'ராக் மெஷின்' 1984-ல் தொடங்கியது. 1988, 1990-ல் ஆல்பம் போட்டது. 1993-ல் 'இண்டஸ் க்ரீட்' என்று பெயர் மாற்றி, 1995-ல் அந்தப் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது. நாடெங்கும் பெயர் வாங்கியும் 1997-ல் கலைந்தது. 2010-ல் மறுபடி கூடி, 2012-ல் ஆல்பம் கொடுத்தது. பதிமூன்று வருஷ உழைப்பு, பதிமூன்று வருஷ இடைவெளி.

(ஆ) டெல்லியின் 'பரிக்ரமா' 1991-ல் தொடங்கிய ராக் குழு. தட்டு விற்றுப் பிழைக்கும் வழியே வேண்டாம் என்று பாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். மேடைக் கச்சேரிதான் வருமானம், அதிலும் கல்லூரி விழாக்கள் முக்கியம். 2007 மார்ச்சில் பெங்களூரில் 'அயர்ன் மெய்டன்' வந்தபோது அதே மேடையில் முன்னதாக வாசித்தார்கள்.

(இ) பெங்களூரின் 'கிரிப்டோஸ்' 1998-ல் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு. முதல் ஆல்பம் வர ஆறு வருஷம் ஆனது, 2004. ஜெர்மனியின் பிரபல மெட்டல் விழாவான வாக்கனில் 2013-ல் வாசித்தார்கள். ஜெர்மன் லேபிள் ஒன்றின் மூலம் ஆல்பம் வந்தது 2016-ல். நம்ம ஊரில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் நகரத்துப் பையன்கள்தான். ஆனால் பதினெட்டு வருஷம் பொறுத்திருக்கிறார்கள்.

(ஈ) மும்பையின் 'டெமானிக் ரெசரெக்‌ஷன்' 2000-ல் தொடங்கியது. இதன் தலைவர் சாஹில் மகிஜா பாடுவார், கிடார் வாசிப்பார், சொந்த லேபிளும் நடத்தினார். இன்னொரு பக்கம் யூடியூபில் சமையல் நிகழ்ச்சி. தசாவதாரத்தை வைத்து 2017-ல் மெட்டல் ஆல்பம் போட்ட அதே ஆள் கேமரா முன்னால் ஆம்லெட்டும் போடுகிறார். சிரிக்காதீங்க. பாட்டு சோறு போடவில்லையென்றால், சோறே பாட்டைக் காப்பாற்றட்டும் என்ற ஏற்பாடு அது.

(உ) டெல்லியின் 'ப்ளடிவுட்' 2016-ல் தொடங்கியது. கரண் கடியார் வக்கீல் வேலையை விட்டுவிட்டு வந்தவர். பிரபலமான பாட்டுகளை மெட்டலாக மாற்றிக் கிண்டலாக வீடியோ போட்டு ஆள் சேர்த்தார்கள். பிறகு தோல், புல்லாங்குழல், ஹிந்தி வரிகள் கலந்து சொந்தப் பாட்டு. 2019-ல் வாக்கன் மேடை. 2022-ல் 'ரக்‌ஷக்' ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். உலகம் பூராவும் கச்சேரி செய்து பெயர் நின்ற பிறகுதான் 2025-ல் அமெரிக்க லேபிளோடு அடுத்த ஆல்பம் வந்தது. முதலில் தறி, பிறகு வியாபாரி. வரிசையைக் கவனியுங்கள்.

(ஊ) ஸ்காவுக்கு நம் நாட்டு உதாரணம் டெல்லியின் 'ஸ்கா வெஞ்சர்ஸ்', 2009-ல் உருவானது. முதல் ஆல்பம் 2012-ல். பாட்டில் அரசியல் பேசியவர்கள். ஸ்கா கேட்கிறவர்களே குறைவாக இருந்த நாட்டில் ஊதல் வாத்தியங்களோடு பெரிய குழுவை நடத்தினார்கள். ஆள் அதிகமானால் பங்கு குறையும் என்பதை ஸ்கா குழுக்களைப் போல யாரும் அறிய மாட்டார்கள்.

(எ) தமிழர்கள் என்றால் சிங்கப்பூரின் 'ருத்ரா'. 1992-ல் தொடங்கியது. கதிர் பாடி பேஸ் கிடார் வாசிக்க, சிவா டிரம்ஸ். டெத் மெட்டலோடு சம்ஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் சேர்த்தார்கள். 'வேதிக் மெட்டல்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 1998-லிருந்து 2022 வரை ஒன்பது ஆல்பம். சம்பளம் வேறு வேலையிலிருந்து, இசை மனசுக்காக. யாருக்காகவும் பாட்டை மாற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரவில்லை.

(ஏ) சென்னையில் பா. ரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசைத் தலைமையில், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6-ல் மேடை ஏறியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். இது மெட்டல் குழு அல்ல. ஆனால் சினிமாவை நம்பாமல் தமிழில் சொந்தப் பாட்டுக்குக் கூட்டம் கூடும் என்று காட்டியது. அதில் பாடிய இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். இத்தனை பேரைச் சேர்த்துக் கட்டிப்போட்டது பின்னால் நின்ற ஒரு அமைப்பு.

4. கொஞ்சம் கணக்கு போடலாம்

கல்லூரி விழா ஒன்றுக்கு ஐந்து பேர் குழுவுக்கு 20,000 ரூபாய் பேசினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேன் 4,500. சாப்பாடு 1,500. தந்தி, ஸ்டிக், கேபிள் 1,000. பத்து நாள் பயிற்சி அறை வாடகை 3,000. மீதி 10,000. ஆளுக்கு 2,000. பத்து நாள் பழகியதற்குப் பிரித்தால் நாளைக்கு 200 ரூபாய்! இதில் கிடார் வாங்கிய கடன் சேரவில்லை. மாசத்துக்கு இப்படி நாலு மேடை கிடைத்தாலும் ஆளுக்கு 8,000-தான். மேடை இல்லாத மாசம் பூஜ்யம்.

அதனால்தான் மேலே பார்த்த குழுக்கள் டி-ஷர்ட் விற்கிறார்கள், வகுப்பு எடுக்கிறார்கள், வீடியோ போடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். அது தோல்வி கிடையாது. தறியை ஓட விடுவதற்கான வழி.

5. கையெழுத்துப் போடும் முன்

2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' நம் ஊர் டீக்கடையில்கூட ஒலித்தது. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். 2024-ல் அதன் தயாரிப்பில் இருந்த சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரிய பெயர் உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால் நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும்!

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• ஒரு பாட்டில் உரிமை மூன்று. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு செய்த ஒலி ஒன்று. மூன்றும் தனித்தனி சொத்து.

• வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, எழுதியவர் காலம் முழுக்க, அவருக்குப் பிறகு 60 வருஷம். பதிவுக்கு, வெளியான பிறகு 60 வருஷம்.

• பதிவுக்குப் பணம் போட்டுப் பொறுப்பேற்பவர்தான் பதிவின் உரிமையாளர். "நாங்க ரெக்கார்டிங் செலவு பார்த்துக்கிறோம் தம்பி" என்பதன் முழு அர்த்தம் இதுதான்.

• உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம் மட்டும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். அதனால்தான் பத்திரத்தில் 'என்றென்றைக்கும், உலகெங்கும்' என்ற வார்த்தைகள் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

• 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒப்பந்தம் போட்டாலும் அது செல்லாது. உரிமை இருக்கிறது. கேட்கத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, குழுவுக்குள்ளேயே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பாட்டு யாருடையது, காசு எப்படிப் பிரிப்பது, ஒருத்தன் விலகினால் குழுவின் பெயர் யாருக்கு. நட்பு நன்றாக இருக்கும்போது எழுதினால்தான் எழுத முடியும். சண்டை வந்த பிறகு எழுதுவது வக்கீல் நோட்டீஸ்.

6. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

முதலாவது, காலம். பார்த்த குழுக்களில் ஒரு வருஷத்தில் எழுந்தது எதுவும் இல்லை. ஆறு, பத்து, பதினெட்டு என்று போகிறது. இரண்டாவது, சோற்றுக்கு வேறு வழி. நம் கையில் டிப்ளமோ இருக்கிறது. அதை முடிக்காமல் விடுவது, பாவைப் பாதியில் அறுத்துவிட்டு எழுந்து போவது மாதிரி. ருத்ராவைப் போல வேலையும் இசையும் சேர்ந்தே போகலாம். மூன்றாவது, சொந்தச் சரக்கு. ப்ளடிவுட்டுக்கு தோல், ருத்ராவுக்கு சுலோகம், சென்னைப் பையன்களுக்கு கானா. அமெரிக்காக்காரனை அப்படியே காப்பியடித்தால் அவனிடமே கேட்டுவிட்டுப் போவார்கள். நம்மிடம் பம்பையும் உடுக்கையும் தெருக்கூத்து முகவீணையும் இருக்கின்றன. தறிச் சத்தமே ஒரு தாளம்தான்.

நாலாவது, நம் படிப்பு இந்தத் தொழிலுக்கு வெளியே இல்லை. ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்க, பெடல் சர்க்யூட் கட்ட, மேடைக்கு எர்த்திங் சரியாகப் போட, ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆள் வேண்டும். சாலிடரிங் தெரிந்த கிடாரிஸ்டுக்கு இரண்டு கூலி கிடைக்கும்.

ஆகவே "இதையே தொழிலா வச்சிக்கிட்டா என்ன?" என்று கேட்கும் நண்பனிடம் நான் சொல்வது இதுதான். வச்சிக்கோ. ஆனால் முதல் ஐந்து வருஷம் தொழில் உன்னைக் காப்பாற்றும் என்று நினைக்காதே, நீதான் அதைக் காப்பாற்ற வேண்டும். அரியர் இல்லாமல் பாஸ் பண்ணு. வருஷத்துக்கு நாலு சொந்தப் பாட்டு எழுது. எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. முதல் கச்சேரிக்கு எங்களைக் கூப்பிடு. டிக்கெட் வாங்கிக்கொண்டே வருவோம், ஓசியில் வர மாட்டோம்.